ஒரே வருஷம், ரெண்டு விருது

நம்ம ஊர்ல ஃபுட்பால்னா காலால உதைக்கிற ஆட்டம். அமெரிக்காவுல ஃபுட்பால்னா முட்டை மாதிரி இருக்குற பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுறது. ஓடுறவனை பத்து பேரு சேர்ந்து அமுக்குறது. இதுக்கு ஏன் 'ஃபுட்'பால்னு பேரு வெச்சாங்கன்னு என்னைக் கேக்காதீங்க. :-)

அந்த ஊர்ல காலேஜ் பசங்க ஆடுற ஃபுட்பாலுக்கு இருக்குற கிராக்கி சாதாரணமில்லை. ஒரு லட்சம் பேர் உட்காரக்கூடிய ஸ்டேடியம் சில காலேஜ்கள்லயே இருக்கு. 'இந்த ஆட்டம் பசங்களோட குணத்தை வளர்க்கும்'ங்கறதுதான் ஆரம்பத்துல இருந்தே இதுக்குச் சொல்லப்படுற நியாயம். அது எந்த அளவுக்கு உண்மை? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

1905ல இந்த ஆட்டத்துல 18 பேராவது செத்துப் போனதா அன்றைய பத்திரிகைகள் கணக்கு சொல்லிச்சு. சில காலேஜ்கள் ஆட்டமே வேணாம்னு நிறுத்திட்டாங்க. அந்த அக்டோபர்ல ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆளுங்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். அவர் இந்த ஆட்டத்தோட பெரிய ரசிகர். ஆம்பளைப் பசங்களுக்கு இது தேவைன்னு நம்பினவர். 1906ல விதிகளை மாத்தினாங்க. பந்தை முன்பக்கம் வீசலாம்னு அனுமதி வந்தது அப்பதான். அதுக்காக வருஷக்கணக்கா வாதாடினவங்கள்ல ஜான் ஹைஸ்மன்ங்கற கோச்சும் ஒருத்தர்.

அவர் 1936ல இறந்தப்போ, அதுக்கு முந்தின வருஷம் நியூயார்க்ல ஆரம்பிச்சிருந்த ஒரு விருதுக்கு அவர் பேரையே வெச்சாங்க. அதுதான் ஹைஸ்மன் கோப்பை. காலேஜ் ஃபுட்பால்ல இதைவிடப் பெரிய தனிநபர் விருது கிடையாது. ஆட்டத்திறமையோட நேர்மையும் வேணும்னு அதோட லட்சிய வாசகமே சொல்லுது.

ஆனா சரித்திரம் வேற கதை சொல்லுது. 1968ல இதை வாங்கினவர் ஓ.ஜே. சிம்ப்சன். அவரைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவரோட கோப்பை 1999ல ஏலத்துக்கே போச்சு.

இப்ப தலைப்புக்கு வர்றேன். அந்த வருஷம் 2005.

அந்த வருஷ ஹைஸ்மன் ரெஜி புஷ்க்குப் போச்சு. கலிஃபோர்னியா பையன், மின்னல் மாதிரி ஓடுவார். படிக்கும்போதே அவரும் அவர் குடும்பமும் ஏஜெண்டுகள்கிட்ட சலுகைகள் வாங்கினாங்கன்னு பின்னாடி விசாரணையில முடிவாச்சு. 2010ல அந்த விருதை அவரே விட்டுக் கொடுத்தார்.

அதே 2005லதான் இன்னொரு விருதும் ஆரம்பிச்சது. பேரு வெர்ஃபல் கோப்பை. ஆட்டம், படிப்பு ரெண்டோட சமூக சேவையையும் பார்த்துக் கொடுக்குறது. முதல் தடவை வாங்கினவர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தோட ரூடி நிஸ்வாங்கர். சென்டர் இடத்துல ஆடினவர். டிவி கேமரா அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாது!

யார் இந்த வெர்ஃபல்? டேனி வெர்ஃபல், விமானப்படையில பாதிரியாரா இருந்தவரோட மகன். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல குவார்ட்டர்பேக். 1996ல ஹைஸ்மன் வாங்கினார். அடுத்த ஜனவரியில நியூ ஆர்லியன்ஸ்ல நடந்த இறுதி ஆட்டத்துல அவர் டீம் 52-20ன்னு ஜெயிச்சு தேசிய சாம்பியன் ஆச்சு. அதே 1996ல பிளேபாய் பத்திரிகை அவரைத் தன் நட்சத்திர அணியில சேர்க்குறதா சொன்னப்போ, வேணாம்னு மறுத்துட்டார்.

தொழில்முறை ஆட்டத்துல மனுஷன் பெருசா ஜொலிக்கலை. ஆனா நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு ஆடப் போன இடத்துல, டிசையர்ங்கற பேட்டையைப் பார்த்தார். டென்னசி வில்லியம்ஸோட நாடகத் தலைப்புல வர்ற அதே 'டிசையர்'தான். பேருதான் ஆசை. உள்ள போனா வறுமை, துப்பாக்கிச் சத்தம். அங்க வேலை செஞ்ச ஒரு கிறிஸ்தவ சேவை அமைப்போட சேர்ந்தார். 2004ல ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டுட்டு முழுநேரமா அங்கயே இறங்கிட்டார்.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல். அவர் வீடும் போச்சு, அவங்க நடத்தின பள்ளிக்கூடமும் மூழ்கிச்சு. சிதறிப்போன பசங்களைத் தேடிப் பிடிச்சு, ஃப்ளோரிடாவுல ஒரு முகாம்ல பள்ளிக்கூடத்தைத் திரும்பத் தொடங்கினாங்க. சினிமாவா இருந்தா இங்க 'சுபம்' போட்டிருப்பாங்க. நிஜத்துல அந்தப் பள்ளி சில வருஷத்துல மூடப்பட்டது. அமைப்பு மட்டும் வேற ஊர்களுக்கும் பரவி வேலையைத் தொடர்ந்தது.

இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு உறுத்தல். சேவைக்குக் கோப்பை கொடுத்தா, கோப்பைக்காகச் சேவை பண்றவன் வர மாட்டானா? வருவான். வரட்டும்னுதான் இப்ப தோணுது. வயித்துல சோறு விழுந்தவன், போட்டவன் மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேக்கப்போறதில்லையே.

2021ல விதி மாறி, காலேஜ் வீரர்கள் தங்களோட பேரையும் படத்தையும் வெச்சு சம்பாதிக்கலாம்னு ஆச்சு. 2025ல இருந்து காலேஜ்களே நேரடியாப் பணம் கொடுக்குது. ரெஜி புஷ்க்கும் 2024ல கோப்பை திரும்பக் கிடைச்சுது. அது நியாயம்தான்னு நினைக்கிறேன். அந்தப் பசங்க உழைப்புல காலேஜ்கள் கோடிகோடியா பார்த்துட்டு, பசங்களுக்கு மட்டும் 'குணம்' பத்திப் பாடம் எடுத்தது பெரிய போங்கு.

ஆனா பணம் வந்த பிறகுதான் வெர்ஃபல் கோப்பைக்கு நிஜமான வேலையே. கையில காசு இல்லாத பையனோட குணத்தைச் சோதிக்க ஆயிரம் விதி போட்டாங்க. இப்ப இருபது வயசுலயே லட்சக்கணக்குல டாலர் பாக்குறவன், சனிக்கிழமை ஆடிட்டு மறுநாள் எந்தத் தெருவுக்குப் போறான்? அதை எந்த விதியும் சொல்லாது.

நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?