கப்பப் பாக்கியும் காவலில் வைத்தலும்

பொருள் கொடுக்கவேண்டியவனைப் பிடித்து அடைத்து வைத்து, அப்பொருளைப் பெறும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் நிலவியது. அவ்வாறு அடைத்தது முறையன்று என எதிர்த்து முறையிட்டு வென்ற நிகழ்ச்சியொன்று 1798ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த பாளையக்காரர் ஒருவரால் நடந்தது. பாஞ்சாலங்குறிச்சி வரலாற்றைப் போர் வரலாறாகவே பலரும் பயின்றுள்ளனர். அதன் முற்பகுதி ஒரு வழக்கின் வரலாறு என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால், பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் உரிமையை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினியார் பெற்றனர். 1798ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வீரபாண்டியக் கட்டபொம்மன் செலுத்தவேண்டிய நிலுவை 3,310 வராகன் எனக் கணக்கிடப்பட்டது. இராமநாதபுரத்தில் தம்மை வந்து காணுமாறு கலெக்டர் ஜாக்சன் ஆகஸ்டு மாதத்தில் அவருக்கு ஓலை போக்கினார். பின்னர்த் தாமே சுற்றுப்பயணம் புறப்பட்டார்.

ஜாக்சனைத் தேடிக் கட்டபொம்மன் முதலிற் சென்ற இடம் குற்றாலம். தென்காசி, இலத்தூர் முதலிய ஊர்களுக்கு அணித்தான அவ்விடத்தில் அவருக்குக் காட்சி மறுக்கப்பட்டது. சொக்கம்பட்டி, சிவகிரி, திருவில்லிபுத்தூர் எனக் கலெக்டர் சென்ற வழியெல்லாம் அவரும் தொடர்ந்தார். ஏறத்தாழ நானூறு மைல் அலைந்தபின், செப்டம்பர் மாதத்தில் இராமநாதபுரத்திலேதான் காணுதற்கு இசைவு கிடைத்தது. வர மறுத்தவர் என்னும் குற்றச்சாட்டுக்கு இப்பயணமே மறுப்பாதல் காண்க.

இராமநாதபுரத்தில் கணக்குகள் ஒத்துப் பார்க்கப்பட்டன. நிலுவை 1,080 வராகன் மட்டுமே எனத் தெரிந்தது. பெரும்பகுதி முன்னரே செலுத்தப்பட்டிருந்தது. ஆயினும் கட்டபொம்மனையும் அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளையையும் நெடுநேரம் நிற்கவைத்த ஜாக்சன், கோட்டையை விட்டு வெளியேறலாகாது என்றும் ஆணையிட்டார். கோட்டை வாயிலில் கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தார். கட்டபொம்மன் தப்பினார். தானாபதி சிறைப்பட்டார்.

இந்நிலையில் கட்டபொம்மன் உடனே படை திரட்டவில்லை; சென்னை அரசுக்கு முறையீடு எழுதினார். பிரவுன், ஓரம், காசாமேஜர் ஆகிய மூவர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அவர் டிசம்பர் மாதம் அதன்முன் தோன்றி விடையிறுத்தார். குழு அவர்மீது குற்றமில்லை எனக் கண்டது. தானாபதி விடுதலை பெற்றார். ஜாக்சன் பதவி இழந்தார்.

இங்கு இரு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். எவ்வளவு பொருள் நிலுவை என்பது ஒன்று. அந்நிலுவைக்காக ஆளை அடைக்கலாமோ என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குக் கணக்கு விடை கூறியது. இரண்டாம் வினாவுக்கு விடை கூறவேண்டியது சட்டம். ஆனால் அத்தகைய சட்டக் காப்பு பாளையக்காரர்க்கு அன்று இல்லை. 1798இல் தோன்றிய ரிக்கார்டர் நீதிமன்றத்தின் அதிகாரம் பெரும்பாலும் சென்னை நகர எல்லையளவே. உயர்ந்த நீதிமன்றமாகிய சுப்ரீம் கோர்ட்டு சென்னையில் 1801இலேதான் திறக்கப்பட்டது. ஆகவே சிறைப்படுத்திய அரசிடமே விடுதலை வேண்டும் நிலை இருந்தது. கட்டபொம்மன் பெற்ற வெற்றி ஆட்சியாளர் அருளிய வெற்றியேயன்றி, உரிமையாற் பெற்ற வெற்றியன்று என யாம் கருதுகின்றோம்.

அருளால் வந்தது நிலைக்கவில்லை. ஜாக்சனுக்குப்பின் வந்த லூஷிங்டன் 1799இல் மீண்டும் தம்மை வந்து காணுமாறு அழைத்தார். கட்டபொம்மன் காலந்தாழ்த்தினார். இராமநாதபுரத்து நிகழ்ச்சியை அறிந்தார்க்கு அத்தயக்கத்தின் காரணம் விளங்கும். செப்டம்பரில் பானர்மன் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. முன்னர் விடுவிக்கப்பட்ட அதே சுப்பிரமணிய பிள்ளை அம்மாதமே நாகலாபுரத்தில் கொல்லப்பட்டார். அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஓராண்டுக்கு முன் முறையீட்டைக் கேட்ட அரசே, இம்முறை நடுநிலைக் குழு எதுவும் அமைக்காமல் உயிரைப் பறித்தது.

அன்று இல்லாதிருந்த உரிமையை 1950ஆம் ஆண்டு அரசியலமைப்பு வழங்கிற்று. கைதானவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நீதிபதிமுன் நிறுத்தவேண்டும் என 22ஆம் உறுப்பு கூறுகின்றது. 32, 226ஆம் உறுப்புகளின்வழி ஆட்கொணர் ஆணை வேண்டி எவரும் நீதிமன்றத்தை அணுகலாம். கடனுக்காகச் சிறையிடுதல் பற்றியும் உச்சநீதிமன்றம் 1980இல், கொச்சி வங்கி தொடர்ந்த வழக்கில் தெளிவுரைத்தது. கொடுக்க இயலாமை மட்டுமே சிறைக்குக் காரணமாகாது, கொடுக்க வழியிருந்தும் தீய எண்ணத்தால் மறுத்தலே காரணமாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவற்றை நோக்க, 1798ஆம் ஆண்டு முறையீட்டைப் போருக்கு முன்னுரையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கணக்கைக் காட்டி, நேரில் தோன்றி, சிறைப்பட்ட தம் தானாபதியை மீட்ட அம்முயற்சி தனியே ஆராயத்தக்கது. குற்றாலத்திற் காட்சி மறுக்கப்பட்டவர் கேட்டது சலுகையன்று, கேள்வி முறையே. அதனை நாடாளும் சட்டமாகப் பெற இந்நாட்டிற்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது.