சதுரகிரி மலைப்பயணமும் கைவிளக்குகளும்

சதுரகிரி என்பது விருதுநகர், மதுரை மாவட்டங்களின் எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள சிவத்தலம் ஆகும். சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் கோயில்களுக்கு வாகனப் பாதை கிடையாது. வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து ஓடைகளையும் வழுக்கும் பாறைகளையும் கடந்து, பல மணி நேரம் நடந்தே ஏற வேண்டும். இங்கு பெருங்கூட்டம் கூடுவது ஆடி அமாவாசைக்கு, அதாவது நிலவே இல்லாத இரவில். எனவே இம்மலைக்குச் செல்வோரின் முதல் தேவை எப்போதும் வெளிச்சமாகவே இருந்து வந்துள்ளது.

முற்காலத்தில் தீப்பந்தமும், பின்னர் அரிக்கேன் விளக்கும் பெட்ரோமாக்ஸும் பயன்பட்டன. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அதன் பிறகு மடியில் ஒரு தீப்பெட்டி என்பது இவ்வட்டாரத்தில் எளிய செய்தியாயிற்று.

அடுத்து வந்தது பேட்டரி லைட். இரண்டு கட்டை, மூன்று கட்டை என்று அதிலுள்ள செல்களின் எண்ணிக்கையால் அது அழைக்கப்பட்டது. ஒரு செல் 1.5 வோல்ட். குண்டு பல்பு மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்கியதால், செல் விரைவில் தீர்ந்தது. தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்தால் வேதிவினை சற்றே வேகம் பெற்று, கொஞ்ச நேரம் எரியும். ஊர்ப்புறத்தில் இதைச் செய்யாத வீடு குறைவு. மாதக்கணக்கில் லைட்டுக்குள்ளேயே விட்ட செல், துத்தநாக உறை அரித்து ஒழுகி, லைட்டையும் கெடுத்தது.

எல்.இ.டி. பரவிய பின் அதே வெளிச்சத்திற்குச் சிறிய பேட்டரியே போதுமானதாயிற்று. நெற்றியில் கட்டும் விளக்கு இதனால் வந்த நன்மை. பாறையைப் பிடித்து இறங்குபவருக்கு இரு கைகளும் வேண்டும்.

கைப்பேசி வந்ததும் பலர் தனி விளக்கை விட்டுவிட்டனர். இது நல்ல மாற்றம் என்று சொல்வதற்கில்லை. மலையிடுக்கில் சிக்னல் கிடைக்காதபோது, கைப்பேசி டவரைத் தேடித் தேடியே சார்ஜை இழக்கும். படமும் காணொளியும் எடுத்து முடித்து இருட்டில் இறங்கும்போது விளக்கும் அணைந்துவிடுகிறது. ஏரோப்ளேன் மோடில் வைத்தால் பேட்டரி நீடிக்கும். முன்பே பதிவிறக்கிய வரைபடம் இருந்தால் ஜி.பி.எஸ். அப்போதும் வேலை செய்யும். பவர் பேங்க் வாங்குவோர் 10,000 எம்.ஏ.எச். என்ற எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் செல்லின் அளவு. 5 வோல்ட்டாக மாற்றும்போது கைப்பேசிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 6,000 மட்டுமே.

2015 மே மாதம் ஓடைகளில் திடீரெனக் காட்டாற்று வெள்ளம் வந்து பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். மேல்மலையில் மழை பெய்தால், கீழே வானம் தெளிந்திருந்தாலும் ஓடை பெருகும். இதை முன்கூட்டிச் சொல்லும் கருவி எதுவும் பையில் இருப்பதில்லை. அதன் பின் மலையேறும் நாளுக்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. இரவில் தங்கவும் தடை விதிக்கப்பட்டது.

இக்காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. எளிதில் தீப்பற்றும் பொருள்களுக்கு அனுமதி இல்லை. சிவகாசித் தீப்பெட்டி இன்று தாணிப்பாறைச் சோதனைச் சாவடியோடு நின்றுவிடுகிறது. பேட்டரி விளக்கு மட்டும் மேலே செல்கிறது.