பாலாற்றுக் கட்டங்களின் கதை

எக்ஸ்போர்ட் என்றால் நம்ம ஆம்பூர்க்காரர்களுக்குத் தோலும் ஷூவும்தான் ஞாபகம் வரும். நான் பிழைப்பது வேறொரு எக்ஸ்போர்ட்டில். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண் எழுதி, அதை ஒரு கோப்பு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலை.

கட்டம் போடுவது புதுசில்லை. ஆம்பூரில் பஸ் ஏறி பள்ளிகொண்டா தாண்டினால் 79-ஆவது தீர்க்கரேகையைக் கடக்கிறோம். சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் ஆம்பூர் 57-எல் ஷீட். வேலூர் 57-பி (ஓ-வுக்கு அடுத்த பி). 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரால் பூமியின் உயரத்தை அளந்தது. அந்தக் கோப்புகளும் ஒரு டிகிரிக்கு ஒன்று என்பதால், ஆம்பூரும் வேலூரும் அங்கேயும் பிரிந்தே கிடக்கின்றன!

அந்தக் கோப்பில் தலைப்பே கிடையாது. 1201 வரிசை, வரிசைக்கு 1201 எண், அவ்வளவுதான். ஒவ்வொரு எண்ணும் இரண்டு பைட். அதை முன்பின்னாகப் படித்தால் 300 மீட்டர் மேடு 11,265 மீட்டராகி எவரெஸ்டையே மிஞ்சிவிடும். இடமும் அளவும் கோப்போடு சேர்ந்தே போகட்டும் என்றுதான் 1990-களில் ஜியோடிஃப் வந்தது. வடிவங்களுக்கு இடையே மாற்றித் தர, 1998-ல் கனடாவின் ஃபிராங்க் வார்மர்டாம் ஜிடால் என்ற இலவச மென்பொருளைத் தொடங்கினார்.

எவரெஸ்ட் மாதிரி தப்பு கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாததுதான் ஆபத்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாலாற்றங்கரைக் கிணறுகளின் உப்புத்தன்மைக்கு வரைபடம் போட்டேன். அளக்காத இடத்துக்கு -9999 என்பது வழக்கம். வடிவம் மாற்றும்போது அது பூஜ்யமாகிவிட்டது. பூஜ்யம் என்றால் நல்ல தண்ணீர், பச்சை நிறம்! கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, எங்க ஊருக்கு யாரும் பாட்டில் எடுத்துக்கிட்டு வரவே இல்லையே, எப்படிப்பா பச்சை போட்டீங்க?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

டேனரிக் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்றது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு குறித்துத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. எந்த ஊர் பாதிக்கப்பட்டது என்பது பேச்சாக இருக்கும்போது, வரைபடத்தில் தவறாக விழுந்த பச்சை ஒரு குடும்பத்தின் வழக்கையே கெடுத்துவிடலாம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, 'இல்லை' வேறு, 'தெரியாது' வேறு. கோப்பை மாற்றியதும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஊரின் கட்டத்தையும், அளக்காத ஓர் ஊரின் கட்டத்தையும் திறந்து பாருங்கள். இரண்டே நிமிஷ வேலை. அந்தப் பெரியவரிடம் நான் கற்றது இதுதான்.