கொம்பனித்தெருவும் புலி லில்லியும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டுத் தொட்டியிற் கலப்பின லில்லியை வளர்ப்போர், அம்மலரின் வரலாற்றிற் கொழும்புக்கும் ஓர் இடமுண்டென்பதைப் பெரும்பாலும் அறியார்.

இலண்டன் கியூ பூங்காவின் தோட்டக்காரரான வில்லியம் கெர் 1803இல் சீனத்துக் கன்ரன் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து அவர் அனுப்பிய செடிகளுள் ஒன்றான புலி லில்லி 1804இல் கியூவை அடைந்தது. தனித்து விதை கொள்ளாத இச்செடி, இலைக்கக்கங்களில் தோன்றும் சிறு குமிழ்களாற் பெருகி மேனாட்டுத் தோட்டங்களிற் பரவிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் யான் டி கிராஃப் உருவாக்கிய புகழ்பெற்ற கலப்பினங்களுக்கு இதுவும் ஒரு மூலமாயிற்று.

கெர் 1812இல் கொழும்புக்கு வந்து, கியூ என்றே வழங்கிய கொம்பனித்தெருத் தாவரவியற் பூங்காவின் மேற்பார்வையாளரானார், 1814இற் காலமானார். பூங்கா 1813இற் களுத்துறைக்கும், 1821இற் பேராதனைக்கும் பெயர்ந்தது. கியூ வீதி என்னும் பெயர் மட்டும் கொம்பனித்தெருவில் எஞ்சியுள்ளது.

குளிரில் உறங்கியெழும் இயல்புடைய லில்லிக் குமிழ், கொழும்பின் வெப்பத்தில் ஒருமுறை பூத்தபின் மறுமுறை பூப்பது அரிது. அதன் மூலச்செடியை மேனாட்டார்க்குத் தேடித் தந்தவரும் இம்மண்ணில் ஏறத்தாழ ஈராண்டே வாழ்ந்தார். ஆளுநர்களின் பெயர்களை மனனஞ் செய்யும் நாம், தோட்டக்காரர் ஒருவரின் உழைப்பையும் வரலாறெனக் கொள்ளல் வேண்டும். அதற்குத் தெருப்பெயரொன்றும் தொட்டிப் பூவொன்றும் சான்றாக நிற்கின்றன.