காசு எங்கேயிருந்து வந்தது?

தலித்துகள் போராடினால் ஆதிக்க சாதியும் அரசும் கேட்கிற முதல் கேள்வி ‘என்ன குறை?’ என்பதல்ல, ‘யார் தூண்டிவிட்டது?’ என்பதுதான். கூலி உயர்வு கேட்டால் வெளியூர்க்காரன் தூண்டுதல். குரல் ஊரைத் தாண்டிப் போனால் வெளிநாட்டுக்காரன் தூண்டுதல். சேரிக்காரனுக்குச் சொந்தமா யோசனை வராது என்கிற சாதிப் புத்திதான் இதற்குள் உட்கார்ந்திருக்கிறது. ‘அந்நியச் சதி’ என்ற சொல்லின் வரலாற்றை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

1930 நவம்பரில் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதிகளாக அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் போனார்கள். அம்பேத்கர் மேல் ஒட்டப்பட்ட முத்திரை ‘வெள்ளைக்காரனின் கையாள்’. 1997இல் அருண் சோரி எழுதிய புத்தகமும் அதையேதான் தூசி தட்டி எடுத்தது. அந்த மாநாட்டில் அம்பேத்கர் பேசியது என்ன? நீங்கள் வருமுன் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியவில்லை, கோயிலுக்குள் போக முடியவில்லை. ஒன்றரை நூற்றாண்டு ஆண்டபிறகும் அது மாறியதா என்று வெள்ளைக்காரன் முகத்துக்கு நேரே கேட்டார். மக்களுக்கான மக்களாட்சி வேண்டும், அதில் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்றார். கையாள் பேசுகிற பேச்சா இது? 1932 ஆகஸ்டில் தனித்தொகுதி அறிவிக்கப்பட்டதும் ‘பிரித்தாளும் சூழ்ச்சி’ என்றார்கள். ஊர் வேற, சேரி வேற, சுடுகாடு வேற என்று பிரித்தது எந்த வெள்ளைக்காரன்?

அடுத்தது மீனாட்சிபுரம். அன்றைய திருநெல்வேலி மாவட்டம், இன்றைய தென்காசி மாவட்டம். 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ‘வளைகுடாப் பணம்’ என்று பத்திரிகைகளும் தில்லியும் கூச்சலிட்டன. சரி, அவர்கள் பாணியிலேயே கணக்குப் போடுவோம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இஸ்லாத்துக்குப் போகிற தலித் பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார். தன் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய படிப்பையும் வேலையையும் தெரிந்தே விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். படித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். சாதி இழிவும் காவல்துறைக் கெடுபிடியும்தான் காரணம் என்று போனவர்களே சொன்னார்கள். ‘எவ்வளவு வாங்கினே?’ என்று கேட்டவர்களுக்கு அது காதில் விழவில்லை.

உண்மையறியும் குழுவோடு ஊர் ஊராகப் போகையில் இந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். ‘சார், உங்களுக்கு எந்த நாட்டுல இருந்து பணம் வருது?’ பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை பொறுக்கிக்கிட்டுப் போன ஆள்கிட்ட கேட்கிறான்!

வெளிநாட்டுப் பணமே வரவில்லை என்று நான் சாதிக்கவில்லை. தன்னார்வ நிறுவனப் பணம் இயக்கங்களை மழுங்கடிப்பது பற்றி நாமே காரசாரமாக விவாதித்திருக்கிறோம். இன்னும் விவாதிப்போம். அரசு பேசுவது அதுவல்ல.

அந்நியப் பணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது 1976இல், நெருக்கடி நிலைக்குள். 2014 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றம், காங்கிரசும் பா.ஜ.க.வும் வேதாந்தா குழும நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கியது இந்தச் சட்டத்தை மீறிய செயல் என்றது. என்ன நடந்தது? 2016, 2018 நிதிச் சட்டங்கள் வழியாகச் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்திக்கொண்டார்கள். 2018 திருத்தம் 1976 வரைக்கும் பின்னோக்கிப் போகிறது. கட்சிக்காரன் வாங்கினால் சட்டம் வளைகிறது.

அதே 2018 மே மாதம் தூத்துக்குடியில், அதே வேதாந்தாவின் ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொன்ன மக்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்கள். 2023 ஏப்ரலில் ஆளுநர் ஆர்.என்.ரவி, அந்தப் போராட்டத்துக்குப் பின்னால் வெளிநாட்டுப் பணம் என்றார். கம்பெனி லண்டன் குழுமத்துடையது. அந்நியச் சதி மட்டும் குண்டடிபட்டுச் செத்தவனுடையதா?

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘காசு எங்கேயிருந்து வருது?’ என்று கேட்டால் பதறாதீர்கள். கணக்கைக் காட்டுங்கள். காட்டிவிட்டு, 1981இல் மீனாட்சிபுரத்து மக்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டவனிடமே திருப்பிக் கேளுங்கள்: அந்த 180 குடும்பம் எதனால் போச்சு?