தோளில் ஏறிய வார்

பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியிலிருந்து தாத்தாவின் டவாலியை எடுத்தபோது, "யாரோட பெல்ட்டுப்பா இது?" என்றான் மகன். தாலுகா கச்சேரியில் சேவகராக இருந்தவர் தாத்தா. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போடும் தோல்பட்டை, அதில் பித்தளை வில்லை. தோல் கருவாடாக விறைத்துப் போயிருந்தது.

மகன் சொன்னதில் பாதி சரி. பாரசீகத்தில் 'தவால்' என்றால் தோல்வார். உருதுவில் 'துவாலி' ஆகி, கச்சேரி, ஜமாபந்தி, தாசில்தார் வந்த வழியிலேயே தமிழுக்கு வந்து டவாலி ஆயிற்று. பாரசீகக் கதைகளில் 'தவால்பா' என்றொரு பிறவி உண்டு. கால்கள் இரண்டும் வார். வழிப்போக்கன் தோளில் ஏறி, கழுத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கவே இறங்காது. சிந்துபாத்தின் தோளில் சவாரி செய்த கிழவனுக்கு நெருங்கிய உறவு. நம் டவாலியும் தோளில் ஏறியதுதான். ஏறியபின் ஆளையே விழுங்கிவிட்டது. "டவாலி வந்தார், டவாலி கூப்பிட்டார்" என்று பட்டையின் பெயர் மனிதருக்கானது.

வெள்ளைக்காரன் காலத்தில் இதே ஆளுக்கு ஊருக்கொரு பெயர். வங்காளத்தில் சப்ராசி: 'சப்ராஸ்' என்பது வில்லை. பம்பாயில் பட்டாவாலா: பட்டைக்காரன். சென்னையில் மட்டும் பியூன். அது போர்ச்சுகீசியரின் காலாள். தமிழில் வில்லைச்சேவகன் என்றும் சொன்னார்கள். பியூனைத் தவிர மற்றதெல்லாம் மனிதரை விட்டுவிட்டு அவர் மாட்டியிருந்ததைப் பார்த்து வைத்த பேர்.

நம்மிடம் சொல் இல்லாமலா? வார் இருக்கிறது, மலையாளத்திலும் வார், கன்னடத்தில் பாரு. தலை வாருவதும் ஓலை வாருவதும் நீளவாக்கில் இழுக்கும் வேலைதான். தோலை நீளமாகக் கிழித்தெடுத்ததும் வார் என்றே எனக்குப் படுகிறது. மோசிகீரனார் முரசுக் கட்டிலில் உறங்கிப்போன புறநானூற்று 50-ஆம் பாட்டில், முரசை இழுத்துக் கட்டிய வாருக்கு வள்பு என்று பெயர். வள்பு மறைந்தது. வார் செருப்போடு நின்றுவிட்டது. இடுப்புக்கு ஏறியபோது அது இங்கிலீஷ் பெல்ட். லத்தீன் 'பால்டியஸ்' வழி வந்தது. அந்த பால்டியஸும், வேடிக்கையைப் பாருங்கள், ரோமானியப் படைவீரன் தோளில் குறுக்காக மாட்டிய வாள்பட்டைதான்.

தோலைத் தொட்டு வேலை செய்தவரைச் சேரிக்கு வெளியே வரவிடாத ஊர், அதே தோல் பாரசீகப் பெயரோடும் பித்தளையோடும் வந்தபோது மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றது. வார் ஏன் செருப்பைத் தாண்டவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

தாத்தாவின் டவாலியைச் செப்பனிட்ட வேலைக்கு வருகிறேன். வில்லைக்கு அடியில் பச்சைக் களிம்பு மெழுகாகத் திரண்டிருந்தது. தோலில் ஊறிய கொழுப்பும் பித்தளையில் இருக்கும் செம்பும் சேர்ந்தால் அப்படித்தான். வில்லையைக் கழற்றி, தோல் பக்கத்தை மூங்கில் குச்சியால் சுரண்டினேன். வெட்டு விளிம்பு உள்வரை பழுப்பு. குரோமில் பதனிட்டிருந்தால் நடுவில் நீலம் பாரித்த சாம்பல் தெரியும். ஆகவே இது ஆவாரம்பட்டையோ கடுக்காயோ கண்ட தோல். விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு, மூன்று நாள் விட்டு விட்டுத் தடவினேன். ஒரேயடியாக ஊற்றினால் தோல் தொளதொளத்து நீண்டுவிடும். தையல் விட்ட இடத்தில் பழைய துளைகளிலேயே, தேன்மெழுகு தடவிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, எதிரெதிராக இழுத்துத் தைத்தேன். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். மடிப்பில் விழுந்த வெடிப்பு மட்டும் மூடவில்லை. வெடித்த தோல் ஒட்டாது.

கலெக்டர் ஆபீசில் இன்று பார்க்கும் டவாலி பெரும்பாலும் சிவப்புத் துணி. தோல் பெயரில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழையது ஏதாவது கிடந்தால், வில்லையைக் கழற்றாமல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.