வாரிசுக்கு வந்த வழக்கு

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு துணிப்பை இருக்கும். உள்ளே பட்டா, வில்லங்கச் சான்று, பழைய பத்திர நகல். சில பைகளில் புதிதாக ஓர் இறப்புச் சான்றிதழும் சேர்ந்திருக்கும். “அப்பா போய்ட்டாரு. அவர் போட்ட நிலத்து கேஸ் என்ன ஆகும் சார்?” எளிமையான கேள்விதான். சிவகங்கையில் இந்தக் கேள்வி லண்டன் வரை போயிருக்கிறது.

1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கம்பெனி, சிவகங்கை ஜமீனை கௌரி வல்லப உடையத் தேவருக்குக் கொடுத்தது. 1829-ல் அவர் மகன் இல்லாமல் இறந்தார். சகோதரர் வழியினர் ஜமீனைப் பிடித்துக்கொண்டார்கள். ‘புருஷன் சொத்து எனக்கு’ என்று வழக்குப் போட்டார் மனைவி அங்கமுத்து நாச்சியார். தோற்றார், மேல்முறையீடு செய்தார், அது முடியும் முன்பே இறந்தும் போனார்.

அதோடு முடிந்திருக்கலாம். மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. அங்கமுத்து தோற்றது உங்களையும் கட்டும் என்றது இங்குள்ள நீதிமன்றம். 1863-ல் பிரிவி கவுன்சில் சொன்னது: கைம்பெண் வழக்காடும்போது அந்தச் சொத்துக்கே பிரதிநிதி, நேர்மையாக நடந்த வழக்கின் முடிவு பின்னால் வரும் வாரிசையும் கட்டும். ஆனால் அந்தப் பழைய முடிவே தப்பு. ஜமீன் கௌரி வல்லபரின் சுயார்ஜிதம். மனைவிக்கும் பிறகு மகளுக்கும் போக வேண்டியது. காத்தம நாச்சியார் ஜெயித்தார்.

இன்றைய சட்டம் முதலில் பார்ப்பது, உரிமை ஆளோடு போகிறதா, சொத்தோடு நிற்கிறதா என்பதைத்தான். அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டவர் இறந்தால் அந்த உரிமையும் போச்சு. நில வழக்கு அப்படி இல்லை. 1908 உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 22-ஆம் கட்டளைப்படி வாரிசைச் சேர்க்க 90 நாளுக்குள் மனு போட வேண்டும். எதிராளி இறந்தாலும் இதே கணக்குதான், அவருடைய வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். விட்டால் வழக்கு தானாக அற்றுப்போகும். அதை ரத்து செய்யக் கேட்க இன்னும் 60 நாள் உண்டு. அதுவும் தாண்டினால் தாமதத்துக்குத் தக்க காரணம் சொல்லி நிற்க வேண்டும். வாதம் முடிந்து தீர்ப்பு மட்டும் பாக்கி என்றால் பயமில்லை, வழக்கு சாகாது.

90 நாள் என்பது பெரிசா தெரியும். கருமாதி முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பி, அப்பாவின் கேஸ் கட்டு எந்தப் பெட்டியில் என்று தேடுவதற்குள் பாதி ஓடிவிடும். நிலம் போவது பல நேரம் எதிராளியின் வாதத்தால் அல்ல, இந்த மௌனத்தால்.

1877-ல் காத்தம நாச்சியாரும் இறந்தார். ஜமீன் யாருக்கு என்று அடுத்த வழக்கு கிளம்பியது.